உரல், சட்டி, சாம்பல்: ஓடைப்பட்டியில் ஒரு சமையல் சோதனை

போன வருஷம் ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவாழை இலை, அதில் பத்துப் பன்னிரண்டு பதார்த்தம், மேலே கொட்டை எழுத்தில் "2,500 ஆண்டுக்கு முந்தைய வைகைக்கரை விருந்து". உற்றுப் பார்த்தால் கூட்டில் உருளைக்கிழங்கு, ரசத்தில் தக்காளி, துவையலில் காய்ந்த மிளகாய். மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர்கள் வந்து இறங்கியதற்கு அப்புறம்தான் நம் பக்கம் எட்டிப் பார்த்தவை. படத்தை அனுப்பிய நண்பரிடம் இதைச் சொன்னேன். "எப்பப் பாத்தாலும் குத்தம் சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, நீங்கதான் செஞ்சு காட்டுங்களேன்" என்றார். நியாயம்தான்.

பொங்கல் லீவுக்கு ஓடைப்பட்டி போனபோது இதைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். அப்பா வழியில் எங்களுக்கு அதுதான் ஊர். சின்னமனூர் பக்கம், விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். அப்பத்தாவுக்கு 84 வயசு, காது நல்லாக் கேட்கும். "அப்பத்தா, பழைய காலத்துச் சாப்பாடு செய்யப் போறேன், நீங்க கூட இருக்கணும்" என்றதும், "பழசா? நேத்து வச்சது பானையில கெடக்கு, வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடி" என்றார். சோதனையின் முதல் கட்டம் இப்படித்தான் ஆரம்பித்தது.

பரிசோதனைத் தொல்லியல் என்று ஒரு துறை இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருளைப் பார்த்து "இப்படித்தான் பயன்படுத்தியிருப்பார்கள்" என்று ஊகிப்பதோடு நிற்காமல், அதே மாதிரி ஒன்றைச் செய்து, அதே வேலையைச் செய்து பார்ப்பது. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் 1972-இல் பீட்டர் ரெனால்ட்ஸ் என்பவர் பட்சர் பண்ணையை ஆரம்பித்தார். இரும்புக்கால ஊர்களில் தோண்டும்போது ஆளுயரக் குழிகள் நிறையக் கிடைத்துக்கொண்டே இருந்தன. தானியம் கொட்டி வைத்த குழிகள் என்று சிலர் சொன்னார்கள். அந்த ஈர ஊரில் குழிக்குள் கொட்டினால் தானியம் அழுகிப் போகாதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். ரெனால்ட்ஸ் குழி வெட்டி, தானியத்தைக் கொட்டி, வாயை மண்ணால் மூடிவிட்டுக் காத்திருந்தார். சுவரை ஒட்டி இருந்த தானியம் ஈரத்தில் முளைவிட்டது. அப்படி முளைவிடும்போது குழிக்குள் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டது. காற்று தீர்ந்ததும் முளைப்பும் நின்றது, பூச்சியும் பூஞ்சையும் அடங்கின. ஓரத்தில் ஒரு மெல்லிய பத்தை மட்டும் வீண், நடுவில் இருந்ததெல்லாம் நல்ல தானியம்.

இதை அப்பத்தாவிடம் கதையாகச் சொன்னேன். அவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. "குழிச்சோளம் அப்படித்தான் இருக்கும். ஓரத்துல இருக்கறது மாட்டுக்கு, நடுவுல இருக்கறது மனுசனுக்கு. தொறந்தன்னைக்கே எறங்கக்கூடாது, வெளக்கைக் கட்டி உள்ள விட்டுப் பாக்கணும், அணைஞ்சா ஆளும் அணைஞ்சுருவான்" என்றார். மானாவாரிச் சோளமும் கம்பும் விளைந்த ஊர்களில் தானியக் குழி சாதாரண விஷயம். ரெனால்ட்ஸ் பல வருஷம் அளந்து எழுதியதை நம் பக்கத்துக் கிழவிகள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். ரெனால்ட்ஸ் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் எழுதி வைத்தார், நாம் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, என்ன சமைப்பது? முதலில் எல்லோரும் நெல் என்றுதான் சொல்வார்கள். பழனி பக்கம் பொருந்தலில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு 2009-10 வாக்கில் தோண்டியபோது, ஒரு ஈமச்சின்னத்துக்குள் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்றும், அதற்குள் சுமார் 2 கிலோ நெல்லும் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வகத்தில் கணித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று வந்தது. பெரிய செய்திகள்தான். ஆனால் இரண்டுமே செத்தவருக்கு வைத்தது. நம் வீட்டிலேயே சாமி கும்பிடும்போது வைக்கிற படையலைப் பார்த்து, "இவர்கள் தினமும் வடையும் சர்க்கரைப் பொங்கலும் தின்றார்கள்" என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். நெல் இருந்தது, தெரிந்திருந்தது, மதிப்பாக இருந்தது. இதற்குமேல் அந்த ஜாடி சொல்லாது.

தென்னிந்தியாவில் அன்றாடம் தின்ற தானியத்தைத் தேடினால் இன்னும் பின்னால் போக வேண்டும். பல்லாரி பக்கம் சங்கனகல்லு மாதிரியான புதிய கற்கால ஊர்களின் மண்ணைச் சலித்துப் பார்த்த லண்டன் தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லர், சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் முக்கியமாக நம்பியிருந்தது இரண்டு சிறுதானியங்களையும் இரண்டு பயறுகளையும்தான் என்று காட்டினார். பயறு இரண்டும் நமக்குத் தெரிந்தவை: கொள்ளு, பாசிப்பயறு. தானியத்தில் ஒன்று கன்னடத்தில் கொரலே என்று சொல்கிற சாமை மாதிரியான ஒன்று. இன்னொன்று இன்றைக்கு நாம் களை என்று பிடுங்கி எறிகிற, நடந்து போனால் வேட்டியில் ஒட்டிக்கொள்கிற ஒரு புல். கம்பு, சோளம், கேழ்வரகு? நம்ம ஊர்ப் பழமை என்றால் உடனே வாயில் வருகிற இந்த மூன்றுமே ஆப்பிரிக்காவில் பயிரானவை. சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னால் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக இங்கே வந்து சேர்ந்தவை. கம்பங்கூழ் குடிக்கிற எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 3,000 வருஷத்துக்கு மேல் இங்கேயே விளைந்த பயிர் நம்ம பயிர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வந்த வழியை மறைக்க வேண்டியதில்லை.

கொரலே கிடைக்கவில்லை. அதே குணம் உள்ள, இந்தியாவிலேயே பயிரான, மதுரை விருதுநகர் மானாவாரிக் காடுகளில் இன்னும் போடுகிற குதிரைவாலியை எடுத்துக்கொண்டேன். கடையில் கிடைப்பதெல்லாம் மில்லில் உமி நீக்கிய அரிசி. எனக்கு வேண்டியது உமியோடு. ஒரு சம்சாரியிடம் விதைக்கு வைத்திருந்ததில் கெஞ்சி மூன்று படி வாங்கி வந்தேன். கூடவே கொள்ளு. குதிரைவாலிச் சோறு, கொள்ளுச் சாறு. இவ்வளவுதான் மெனு.

உரல் வீட்டுக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. துணி துவைக்கிற கல்லாக மாறி இருபது வருஷம் இருக்கும். நிமிர்த்திக் கழுவினோம். உலக்கை பரணில் இருந்தது. ஒரு படி குதிரைவாலியைக் கொட்டி, போனில் நேரம் வைத்துக் குத்த ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பாதி தானியம் உரலுக்கு வெளியே. நிறுத்தி நிறுத்திக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி, சோறாக்குகிற அளவுக்கு வர 2 மணி 10 நிமிஷம் ஆனது. அதிலும் பாதி நொய், மீதியில் உமி போகாத மணி நிறைய. நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஒரு படிக்கு 130 நிமிஷம். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு படி என்றால் 4 மணி 20 நிமிஷம். ஆகா, என்ன ஒரு கண்டுபிடிப்பு! இதை அப்படியே எழுதியிருந்தால் நீங்களும் படித்துவிட்டு "அடேயப்பா" என்று போயிருப்பீர்கள். ஆனால் கணக்கு தப்பு.

திண்ணையில் இருந்து அப்பத்தா அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் முடித்ததும் மூன்று கேள்வி கேட்டார்.

"காய வச்சியா?"

வைக்கவில்லை. மூட்டையில் இருந்து நேராக உரலுக்கு.

"குந்தாணி எங்க?" குந்தாணி என்றால் உரல் வாய்க்கு மேல் வைக்கிற வளையம், தானியம் தெறிக்காமல் இருக்க. அது எங்கே போனதோ தெரியவில்லை.

"எந்த மொனையால குத்துன?"

உலக்கைக்கு இரண்டு முனை இருக்கிறது, அது தெரியும். இரண்டும் வேறு வேறு வேலைக்கு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு முனையில் பூண் வளையம் மாதிரி, நடுவில் குழிவாக இருக்கும். உமி நீக்கக் குத்துவது அதனால். இன்னொரு முனை இரும்பு அடைத்து மொட்டையாக இருக்கும். அது மாவு இடிக்க. நான் மாவு இடிக்கிற முனையால் இரண்டு மணி நேரம் குத்தி, தானியத்தை நொறுக்கிவிட்டு, உமி போகவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தானியத்தை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயவைத்தோம். சாயங்காலம் பெரியம்மாவும் நானும் மாற்றி மாற்றிக் குத்த, அப்பத்தா உட்கார்ந்தபடியே சொளகை எடுத்துக்கொண்டார். புடைப்பது ஒரு ஆட்டம், கொழிப்பது வேறு ஆட்டம். மேலும் கீழுமாகத் தூக்கிப் போட்டால் உமி பறக்கும். பக்கவாட்டில் ஒரு மாதிரி வட்டமாக ஆட்டினால் உமி போகாத மணியும் கல்லும் ஒரு மூலைக்கு ஒதுங்கும். அவர் கையில் ஐந்தாறு ஆட்டில் பிரிந்தது, என் கையில் எல்லாம் கலந்தது. ஒரு படி 45 நிமிஷத்தில் முடிந்தது. நொய் ரெண்டு கைப்பிடி, அவ்வளவுதான்.

130 நிமிஷமும் 45 நிமிஷமும் ஒரே உரல், ஒரே தானியம். பரிசோதனைத் தொல்லியலில் உள்ள பெரிய ஓட்டை இதுதான் என்று எனக்குப் படுகிறது. சோதனை செய்கிறவர் பெரும்பாலும் அந்த வேலையை வாழ்க்கையில் முதல் முறையாகச் செய்கிறார். அவர் அளப்பது பழங்கால வேலையை இல்லை, தன்னுடைய தெரியாமையை. அதனால்தான் இந்தத் துறையில் விவரமானவர்கள் வேலை தெரிந்தவர்களிடம் போனார்கள். சீதா நரஹரி ரெட்டி ஆந்திரக் கிராமங்களில் சிறுதானியம் அறுப்பதில் இருந்து சோறாவது வரை ஒவ்வொரு படியிலும் எது விழுகிறது, எது எங்கே போகிறது என்று பார்த்துப் பதிவு செய்தார். அதை வைத்துத்தான் குஜராத்தில் பிற்கால ஹரப்பா ஊர்களில் கிடைத்த விதைகளைப் படித்தார்.

எது எங்கே விழுகிறது என்பது ஏன் முக்கியம்? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

குதிரைவாலி, சாமை, வரகு, தினை மாதிரியான தானியங்களை உமியோடு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. உமியை நீக்கிவிட்டால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும், வண்டு வைக்கும். அதனால் களத்தில் அடித்துத் தூற்றி உமியோடு குதிரில் போட்டுவைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் குத்துவார்கள். "கோழி கூப்பிட எந்திரிச்சு ரெண்டு படி குத்திப்புட்டுத்தான் சாணி அள்ளப் போவோம். மழைக்காலத்துல தானியம் நமுத்துப் போயிரும், அப்ப இன்னுங்கொஞ்சம் முன்ன எந்திரிக்கணும்" என்றார் அப்பத்தா. பதினாலு வயசில் கல்யாணம் ஆகி வந்ததில் இருந்து ஊரில் அரவை மில் வரும் வரைக்கும் தினமும். அப்படிப் புடைத்த உமியும், அதோடு வந்த களை விதையும், தவறிய மணியும் எங்கே போகும்? பாதி கோழிக்கு. மீதியைக் கூட்டி அள்ளி அடுப்பில் போடுவார்கள்.

தொல்லியல்காரர்களுக்குக் கிடைப்பது அந்த அடுப்பில் போனதுதான். நம் ஊர் வெப்பத்துக்கும் மழைக்கும் கரையானுக்கும் தானியம் தானியமாகவே தங்குவது அபூர்வம். கருகினால்தான் தங்கும். அதுவும் முழுசாக எரிந்தால் சாம்பல், கருகாவிட்டால் மக்கிப்போகும். தணலுக்கடியில், காற்று அதிகம் படாத இடத்தில், 200-லிருந்து 400 டிகிரிக்குள் மெதுவாகக் கருகிய மணி மட்டும் கரியாகி ஆயிரக்கணக்கான வருஷம் நிற்கும். எண்ணெய்ச் சத்துள்ள விதை வெடித்துச் சிதைந்துவிடும். அகழாய்வில் அடுப்பு மண்ணை அள்ளித் தண்ணீரில் கரைப்பார்கள். மண் கீழே போகும், கரி மேலே மிதக்கும், அதை வலையில் வடித்துக் காயவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதில் களை விதையும் உமியும் நிறைய இருந்தால், அந்த ஊரில் அரைகுறையாகச் சுத்தம் செய்த தானியத்தைச் சேமித்து, வீட்டுக்கு வீடு தினமும் குத்தியிருக்கிறார்கள் என்று ஃபுல்லர் போன்றவர்கள் வாசிக்கிறார்கள். சுத்தமான தானியம் மட்டும் கிடைத்தால், அறுவடை சமயத்திலேயே நிறைய ஆட்களை வைத்து வேலையை முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதாவது, "அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள்" என்று நாம் கேட்கிறோம். மண்ணில் இருந்து வருவது சாப்பாடு இல்லை. சாப்பிட்டதெல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது. கிடைப்பது சமைத்தவர்கள் செய்த வேலையில் சிந்தியது. விடிகிறதுக்கு முன்னால் யாரோ ஒரு பெண் புடைத்துக் கூட்டித் தள்ளிய குப்பை. விருந்துப் படம் போடுகிறவர்கள் இலையைக் காட்டுகிறார்கள், ஆதாரமோ அடுப்பங்கரை மூலையில் இருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிந்தாதது, கருகாதது எதுவும் இந்தக் கணக்கில் வராது. கீரை வராது. பால், மோர், தேன் இந்த வழியில் வராது. எங்கள் ஊர்த் திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். விதை இல்லாத பழம், கொடியைக் கிள்ளி நட்டுத்தான் வளர்க்கிறோம். 2,000 வருஷம் கழித்து ஒருவர் ஓடைப்பட்டியைத் தோண்டினால் வரிசை வரிசையாகக் கல்தூண்கள் கிடைக்கும், துருப்பிடித்த பந்தல் கம்பி கிடைக்கும், ஒரு திராட்சை விதை கிடைக்காது. "ஏதோ சடங்குத் தூண்கள்" என்று எழுதுவார்களோ என்னவோ.

கொள்ளுக்கு வருவோம். நான் ஊறவைத்து நேராக வேகவைக்கலாம் என்றிருந்தேன். அப்பத்தா வறுக்கச் சொன்னார். வறையோட்டில், அதாவது உடைந்த பானையின் அடிப்பாகத்தை வறுக்கிற சட்டியாக வைத்துக்கொள்வது. வறுத்தால் தோல் விடும், சீக்கிரம் வேகும், வாசனையும் வரும். கொள்ளுத் தோல் சாமானியப்பட்டது இல்லை. சார்லீன் மர்ஃபியும் ஃபுல்லரும் 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தென்னிந்திய ஊர்களில் கிடைத்த, கி.மு. 2000 முதல் கி.பி. 100 வரைக்குமான கருகிய கொள்ளு மணிகளை உடைக்காமல், மிக வலுவான எக்ஸ் கதிர்களால் உள்ளே பார்த்து, மேல்தோலின் தடிமனை அளந்தார்கள். காலம் போகப் போகத் தோல் மெலிந்திருக்கிறது. தடித்த தோல் உள்ள விதை மண்ணில் கிடந்து தன் இஷ்டத்துக்கு முளைக்கும், காட்டுச் செடிக்கு அது நல்லது. மனுஷன் விதைத்து அறுக்க அறுக்க, விதைத்த உடனே முளைக்கிற மெல்லிய தோல்காரன்தான் அடுத்த வருஷ விதைப்புக்குச் சேர்ந்தான். நமக்கு இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் வேகிற கொள்ளுக்கு 2,000 வருஷத்துச் சம்சாரிகள் காரணம்.

வறுக்கும்போது ஓட்டில் இருந்து நாலு மணி எகிறி அடுப்புக்குள் விழுந்தது. எடுக்கப் போனேன், பிறகு விட்டுவிட்டேன்.

சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது மண்சட்டி வாங்கினால் நேராக அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய தண்ணியோ கஞ்சியோ ஊற்றிக் கொதிக்கவைத்து, ரெண்டு மூணு நாள் பழக்குவார்கள். பழக்காத சட்டி கசியும், கீறும். மண்சட்டிச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். சமைக்கிற கொழுப்பு அதற்குள் போய்த் தங்கிவிடும். ஆய்வகத்தில் பானை ஓட்டைப் பொடித்து அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, மாட்டுக் கொழுப்பா, பாலா, மீனா என்று சொல்லிவிடுகிறார்கள். அக்ஷயேதா சூரியநாராயண் இந்த முறையில் வடமேற்கு இந்தியாவின் சிந்து நாகரிகப் பானைகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட கட்டுரையில், விலங்குக் கொழுப்பின் தடயம் கணிசமாக இருப்பதைக் காட்டினார்.

ஆனால் பானை சொல்வது எந்த நாள் சமையலை? உடைவதற்கு முன்னால் கடைசியாக வைத்ததையா, வாழ்நாள் பூரா வைத்ததையா? இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் மெலனி மில்லரும் கூட்டாளிகளும் ஒரு வருஷம் சமைத்தார்கள். 7 பேர், ஆளுக்கொரு மெருகு பூசாத மண்பானை. வாரம் ஒரு தடவை, ஒரே மாதிரிச் சமையலை 50 தடவை செய்து, கடைசியில் மட்டும் வேறு ஒன்றைச் சமைத்துப் பானையைச் சோதித்தார்கள். 2020-இல் வெளிவந்த முடிவு இது: அடியில் தீய்ந்து ஒட்டியிருப்பது கடைசிச் சாப்பாட்டைச் சொல்கிறது. உள்பக்கம் படிகிற மெல்லிய படலம் கடைசிச் சில சாப்பாடுகளின் கலவை. சுவருக்குள் உறிஞ்சிய கொழுப்போ பழைய கதையைப் பிடித்து வைத்திருக்கிறது, கடைசி நாள் மாற்றத்தை அது லேசில் காட்டிக்கொடுப்பதில்லை.

மீன்சட்டியில் பால் காய்ச்சக்கூடாது என்று தெரிந்த எந்த வீட்டிலும் இதன் பாதி விஷயம் தெரியும். மீதிப் பாதியைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். நம் பக்கம் சட்டியின் துளைகளில் முதலில் போய் உட்காருவது கஞ்சி. மீனுக்கு, புளிக்குழம்புக்கு, சோற்றுக்கு என்று சட்டி தனித்தனி. இரண்டையும் கணக்கில் எடுக்காமல் செய்கிற சோதனை வைகைக்கரைப் பானை ஓட்டுக்கு அப்படியே பொருந்தாது. நாலு சட்டி வாங்கி, இரண்டைக் கஞ்சியில் பழக்கி, இரண்டைப் பழக்காமல், ஒரு வருஷம் ஒரே குழம்பு வைத்துப் பார்க்கிற வேலையை நம் பல்கலைக்கழக மாணவர் யாராவது எடுத்துச் செய்யலாம். செலவு பெரிசா ஒண்ணும் ஆகாது. ஆய்வகக் கட்டணம்தான் கொஞ்சம் இடிக்கும்.

மூன்றாம் நாள் சமைத்தோம். மூன்று கல் வைத்த அடுப்பு. விறகு, திராட்சைத் தோட்டத்தில் கவாத்துப் பண்ணிப் போட்டிருந்த காய்ந்த கொடி. 2,500 வருஷத்துச் சமையலுக்குத் திராட்சைக் கொடி விறகு! இப்படிச் செய்த தில்லுமுல்லுகளையும் சொல்லிவிடுகிறேன். உப்பு பாக்கெட் உப்பு. நெருப்பு தீப்பெட்டியில் இருந்து. உலக்கைக்கு இரும்புப் பூண். தண்ணீர் குழாய்த் தண்ணீர். சட்டி சந்தையில் வாங்கிய சிவப்புச் சட்டி, அந்தக் காலத்துக் கருப்பு-சிவப்புச் சட்டி இல்லை. உள்ளே கருப்பும் வெளியே சிவப்பும் வர, பானையைக் கவிழ்த்துவைத்து, உள்ளே காற்றுப் போகாதபடி சுட வேண்டும். அது தனிக் கதை, ஒரு குயவரோடு சேர்ந்து இரண்டு தடவை முயற்சி பண்ணி, இரண்டு தடவையும் விரிசல் விட்டது.

காரத்துக்கு மிளகும் இஞ்சியும். மிளகுக்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. குமுளிக்கு மேலே ஏறினாலே மிளகுக் கொடிதான். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியாவில் செய்த ஜாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்திருக்கிறது.

குதிரைவாலிச் சோறு குழைந்தது. என் தப்பு, தண்ணீர் அதிகம். கொள்ளுச் சாறு, உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும், மிளகுக் காரம் தொண்டைக்குப் போகும். சித்தப்பா மகன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான்ணே இருக்கு, ஊறுகா இருக்கா?" என்றான்.

கறி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். இதே வைகையின் கீழ்ப்பக்கம் கீழடியில் மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மான், மயில் என்று எலும்புகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் வெட்டிய தழும்பும் இருக்கிறது. ஆண்டிபட்டி தாலுகா புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த தமிழ்-பிராமி நடுகல் ஒன்று, கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் செத்த ஒருவனுக்கு வைத்தது. மாட்டுக்காக உயிரை விட்ட ஊர்களில் பால், மோர், நெய், கறி இல்லாத சாப்பாடு முழுச் சாப்பாடு ஆகாது. எங்கள் வீட்டில் அது பொங்கல் விரத நாள், அதனால் இல்லை. காரணம் அவ்வளவுதான். 2020 பிப்ரவரியில் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஹரப்பா உணவு விழா நடந்தபோதும், பட்டியலில் இருந்த இறைச்சி வகைகள் கடைசி நேரத்தில் எடுக்கப்பட்டன. பழைய சாப்பாட்டைத் திரும்பச் செய்கிறோம் என்று உட்காரும்போது, இன்றைக்கு நாம் யார் என்பதும் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

செய்து பார்த்தோம், முடிந்தது, ஆகவே அப்படித்தான் நடந்தது என்று சொல்லவும் முடியாது. 1947-இல் தோர் ஹெயர்டால் கோன்-டிக்கி கட்டுமரத்தில் பெருவில் இருந்து கிளம்பி 101 நாளில் பசிபிக் தீவு ஒன்றில் போய் மோதினார். போக முடியும் என்று காட்டினார். ஆனால் அந்தத் தீவுகளில் குடியேறிய மக்கள் ஆசியப் பக்கம் இருந்து வந்தவர்கள் என்பதை மொழியும் மரபணுவும் காட்டிவிட்டன. எங்கள் 45 நிமிஷமும் அந்த மாதிரிதான். ஒரு படி குதிரைவாலியை 45 நிமிஷத்தில் குத்த முடியும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அதுவும் அப்பத்தா பக்கத்தில் இருந்தால்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அடுப்பு ஆறியதும் சாம்பலை அள்ளி ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தேன். மேலே மிதந்த கரியைப் பழைய வேட்டித் துணியில் வடித்து, காயவைத்து, அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். பெரும்பாலும் கொடிக்கரி. கருகிய உமித் துணுக்கு கொஞ்சம். குதிரைவாலி மணி 12, அதில் 3 வெடித்துப் போனவை. முழுசாக ஒரு கொள்ளு. மூன்று நாள் குத்தி, புடைத்து, வறுத்து, ஆக்கி, ஏழு பேர் சாப்பிட்டதற்கு மண்ணில் தங்கக்கூடிய சாட்சி அவ்வளவுதான். ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்பத்தா எட்டிப் பார்த்தார். "என்னய்யா அது?"

"அடுப்புல சிந்துனது அப்பத்தா. குதிரவாலி."

கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டா சிந்துனீக?" என்றார்.